பாத்திரக்கடை மாடி

எபனேசரில் பாதி, கோசலையில் பாதி:
எபிகோ வெப் சொல்யூஷன்ஸ்.
ஜப்பான் கம்பெனியா என்று கேட்டவர்களிடம்
இரண்டு முறை ஆமாம் என்றிருக்கிறோம்,
அட்வான்ஸ் வரும்வரை.

சிம்மக்கல்லில் எவர்சில்வர் கடைக்கு மேலே
பதினோரு படி.
கீழே அண்டாவை உருட்டினால்
மேலே என் மௌஸ் நகரும்.

ஒன்பது வருடத்தில்
கோபுரத்தை இருபத்தாறு முறை விற்றிருக்கிறேன்.
பல் டாக்டருக்கு, பம்ப்செட் ஏஜென்சிக்கு,
மேலூர் கிரானைட்காரருக்கு
பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.
"மதுரைன்னா அதானம்மா."
கோபுரம் வேண்டாம் என்ற ஒரே ஆள்
ஹோமியோபதிக்காரர்.
அவர் தாமரை கேட்டார்.

எபி அபுதாபி போனது ஒரு வியாழக்கிழமை.
சண்டையெல்லாம் இல்லை.
மாதம் பிறந்தால் சம்பளம் என்ற சொல்லை
அவன் மனைவி கேட்க விரும்பினாள்.
அவனுக்குப் பெரிய மானிட்டர்.
எனக்கு நாற்காலிகள், வராத பாக்கிகள்.

பெயரை எப்படிப் பிரிப்பது?
எபியை எடுத்தால் மிஞ்சுவது கோ.
கோ என்றால் அரசன் என்று
பள்ளியில் மனப்பாடம் செய்தேன்.
ஆங்கிலத்தில் அது போ.

ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவள்.
பெயருக்கு இரண்டாயிரம்,
மூன்று மாதிரி, இரண்டு திருத்தம் இலவசம்.
எனக்கே எனக்கென்று எழுதிய பட்டியல்
நாற்பத்தொன்றில் நின்றது.
நல்லதையெல்லாம் யாரோ முன்பே வாங்கி
கம்பிவேலி போட்டிருந்தார்கள்,
ஒத்தக்கடைப் பக்கத்துக் காலி மனைகள் மாதிரி.

தொழிலும் கொஞ்சம் மாறுகிறது.
பக்கம் கட்டுவதோடு இனி ஆலோசனையும்.
முதலில் படியேறியவர்
உசிலம்பட்டி அப்பளக் கம்பெனி ஒச்சப்பன்.
ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுச் சொன்னேன்:
அண்ணே, உங்களுக்கு வெப்சைட் வேண்டாம்.
பாக்கெட்டில் போன் நம்பர் ஒரு எண் குறைகிறது.
அதை முதலில் சரிபண்ணுங்கள்.
பில், மூவாயிரம்.
"பேசுனதுக்கா காசு?"
பிறகு பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து
விரல் வைத்து எண்ணினார்.
ஒன்பதுதான்.
இன்னொரு முறை எண்ணினார்.
ஆயிரத்து ஐந்நூறும்
இரண்டு கட்டு அப்பளமும் தந்தார்.
அப்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுவது
என்று ஆடிட்டர் இன்னும் சொல்லவில்லை.

பேங்கில் பெயர் மாற்ற
எபியின் கையெழுத்து வேண்டுமாம்.
பதினைந்து நாளில் கூரியர் வந்தது.
உறையில் கம்பெனியே இல்லை.
கோசலை, பாத்திரக்கடை மாடி, சிம்மக்கல்.
அவ்வளவுதான் எழுதியிருந்தான்.
டீ கொண்டுவரும் பையன் சொல்வதும் அதுதான்.
கரண்ட் ரீடிங் எடுப்பவரைக் கேட்டாலும்
"அந்தா அங்கிட்டு, பாத்திரக்கடை மாடி."

அப்படித்தான் ஆனது: மாடி.
லோகோ, பதினோரு கோடு, ஒன்றன்மேல் ஒன்று.
ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தள்ளி நின்று பார்த்தார்.
"கோபுரம் நல்லா வந்திருக்கு மேடம்."
சரி, இருபத்தேழு.

கீழ்க்கடை ஜியாவுதீன் பாய்
என் போர்டு தன் கடைக்கு விளம்பரம் என்று
ஊரெல்லாம் சொல்கிறார்.
வாடகை குறையவில்லை.

பழைய முகவரியை விட்டுவிட மனமில்லை.
அங்கே தட்டினால் இங்கே திறக்கும்படி வைத்திருக்கிறேன்.
புதுப்பிக்கக் கெடு வந்திருக்குமே என்று போய்ப் பார்த்தால்
ஏற்கெனவே கட்டியிருந்தது.
ஐந்து வருடத்துக்கு, திர்ஹாமில்.
அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்றிரவு சாத்தூர் சேவுக்கடையிலிருந்து மெயில்:
எபி சார், சைட் ஓப்பன் ஆகல.
எழுதினேன்:
எபி இப்போது இங்கே இல்லை.
நான் கோசலை. எங்கள் புதிய பெயர் மாடி.
காலைக்குள் சரியாகிவிடும்.

இரண்டே நிமிடத்தில் பதில்.
ரொம்ப நன்றி எபி சார்.